நெய் படாத சஹன்

என் மகளுக்கு மூன்றரை வயதாக இருந்தபோது, காரைக்காலில் ஒரு கல்யாண வீட்டில் அவளைச் சுவரோரமாக உட்கார வைத்து டிபன் பாக்ஸில் சோறு கொடுத்தேன். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் சாப்பாடு சஹனில் வரும். சஹன் என்றால் அகலமான பெரிய தட்டு. நடுவில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறியை வைத்து, பாயில் கொண்டுவந்து இறக்குவார்கள். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். அன்றைக்குப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு பாய் விரித்திருந்தார்கள். அவள் வயதுப் பெண் பிள்ளைகள் எல்லாம் நாலு நாலு பேராக உட்கார்ந்து, கறித்துண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

என் மகளுக்குப் பால் ஆகாது. பால் என்றால் பால் மட்டுமில்லை. தயிர், மோர், வெண்ணெய், நெய், பால்மாவு என்று பாலிலிருந்து வரும் எதுவுமே ஆகாது. அதனால் நான் வீட்டிலிருந்து சோறும் மீனும் கொண்டுபோயிருந்தேன். அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாலு வாய் சாப்பிட்டாள். பிறகு திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"உம்மா, நான் என்னா தப்பு செஞ்சேன்?"

"ஒரு தப்பும் செய்யல புள்ள."

"அப்ப நான் மட்டும் ஏன் இங்க?"

"அடுத்த கல்யாணத்துல நீயும் சஹன்ல உக்காருவ" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. ஆனால் அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் மாமியிடம், அதாவது என் மாமியாரிடம், சொன்னாள். வெளிநாட்டிலிருந்து அவள் வாப்பா போனில் பேசியபோது அவரிடமும் சொன்னாள். அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும், "இதுலயா உம்மா?" என்று கேட்பாள்.

நான் பூவத்தில் பிறந்தவள். எங்கள் அத்தா சைக்கிளில் பிளாஸ்டிக் குடமும் வாளியும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். உம்மாவுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். கல்லூரியில் காலெடுத்து வைத்த முதல் ஆளும் நான்தான். வேதியியல் படித்தேன். இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் கல்யாணமாகிக் கோவில்பத்துக்கு வந்து, ஒரு அலுவலகத்தில் ரசீது எழுதும் வேலைக்கு ஸ்கூட்டியில் போய்வந்தபோது, அந்த வேதியியல் எதற்கு என்று நானே நினைத்ததுண்டு. அது உதவிக்கு வந்தது ஒரு தகர டின்னில்.

மகளுக்கு ஒரு வயது முடிந்து பால் கொடுக்கத் தொடங்கியதும் வாந்தி, வயிற்றுவலி, கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவப்புத் தடிப்பு. இரண்டு மூன்று இடத்தில் காட்டிய பிறகு ஒரு டாக்டரம்மா நிதானமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார்கள். பாலில் இருக்கும் புரதம் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, முழுசாக நிறுத்துங்கள் என்றார்கள். வளர வளரச் சில பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும், எப்போது என்று சொல்ல முடியாது, நீங்களாகக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கக்கூடாது, என்னிடம் கூட்டிவாருங்கள் என்றார்கள். எலும்புக்கு? கேழ்வரகு, கீரை, எள்ளு, முள்ளோடு சாப்பிடுகிற சின்ன மீன். நெத்திலிக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்?

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

"பால் குடிக்காத புள்ள எப்புடி நிமுந்து நிக்கும்?"

"ஆட்டுப்பாலு குடுங்க, அது சூடு இல்ல."

"நெய்யி எப்புடிங்க பாலாவும்? அதான் உருக்கியாச்சுல்ல!"

நான் எல்லோருக்கும் சிரித்து வைத்தேன். வீட்டில் மகளுக்கென்று பாத்திரம் தனி, சிவப்புக் கைப்பிடி வைத்த கரண்டி தனி. பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படிக்காமல் எதுவும் வாசற்படி தாண்டாது. அவள் முன்னால் நானும் பால் டீ குடிப்பதை விட்டேன், நெய்யை விட்டேன். மாமியும் தன் பால் டீயை அடுப்படியில் நின்றே குடித்துவிட்டு வருவார்கள். அப்படி இருந்தும் மகளுக்கு அவ்வப்போது அதே வாந்தி, அதே தடிப்பு.

மாமி பயந்துபோய் ஓதி ஊதினார்கள். "கண்ணூறு புள்ள. நீ அவளுக்கு நல்ல நல்ல சட்டையா போட்டுத் தெருவுல நடத்திக்கிட்டுப் போறியே" என்றார்கள்.

நான் ஒரு நோட்டு வாங்கினேன். கல்லூரி ஆய்வகத்தில் எங்களுக்குப் பழக்கியது போலப் பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுப் பிரித்தேன். செய்தது, கண்டது, தெரிவது. அவள் வாயில் போன ஒவ்வொன்றையும் எழுதினேன். முதல் மாதம் ஒன்றும் விளங்கவில்லை. மூன்றாம் மாதம் முடிந்து பக்கங்களைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. மாதத்தின் முதல் மூன்று வாரமும் பிள்ளை நன்றாக இருக்கிறாள். கடைசி வாரம் வந்தால் விழுகிறாள். மூன்று மாதமும் அப்படித்தான்.

மாதக் கடைசியில் மாறுவது என்ன? கேழ்வரகு மாவு தீரும். மாமிதான் மில்லில் அரைத்து வந்து டின்னில் கொட்டி வைப்பார்கள். எங்கள் வீட்டு அடுப்படியில் மாவு, பருப்பு, மிளகாய்த்தூள் எல்லாமே வளைகுடாவிலிருந்து வந்த பெரிய பால்மாவு டின்களில்தான் இருக்கும். என் கணவர் மட்டுமில்லை, எங்கள் தெருவில் எந்த ஆண் விடுமுறைக்கு வந்தாலும் பெட்டியில் இரண்டு டின் இருக்கும். தீர்ந்த டின்னை யாரும் தூக்கிப் போடுவதில்லை.

கேழ்வரகு டின்னை எடுத்துத் தரையில் செய்தித்தாளை விரித்துக் கவிழ்த்தேன். சாம்பல் நிற மாவு கொட்டியது. தட்டினேன். அடியிலிருந்து வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு அப்பளம் போல உடைந்து விழுந்தது. மோந்து பார்த்தேன். பால்மாவு.

"மாமி, இந்த டின்னக் கழுவலீங்களா?"

"கழுவுனா ஈரம் நின்னு வண்டு வச்சிரும். தொடைச்சேன்."

"அடியில ஒரு பிடி பால்மாவு இருக்கே."

மாமி என்னைப் பார்த்த பார்வையில், இதுகூடத் தெரியாதா என்பது இருந்தது. "எந்த டின்னயும் வழிச்சுத் தொடைக்கக் கூடாது புள்ள. அடியில ஒரு பிடி கெடக்கணும். அப்பதான் பரக்கத் போவாது. எங்க உம்மா அப்புடி, அவங்க உம்மாவும் அப்புடி."

அரிசிப் பானையை முழுசாகக் காலி செய்யக்கூடாது, வீட்டில் பரக்கத், அதாவது நிறைவு, இருக்காது என்று எங்கள் உம்மாவும் சொல்வார்கள். மாமி அந்த வழக்கத்தைப் பால்மாவு டின்னுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு பிடி பால்மாவை அடியில் விட்டு, அதன் மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி, மாதா மாதம் அடியில் இருப்பதைத் தொடாமல் மேலே புதுசைப் போட்டு வந்தார்கள். மாதக் கடைசியில் கரண்டி அடியைச் சுரண்டும். சுரண்டியது கஞ்சியாகிப் பேத்தியின் வயிற்றுக்குள் போகும்.

நான் நோட்டை எடுத்து வந்து மூன்று மாதத்தையும் படித்துக் காட்டினேன். மாமிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் வாந்தி எடுத்த நாள்களுக்கு நான் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். அந்த வட்டங்களின் மேல் விரலை வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது மொட்டைமாடி முழுக்கப் பதினோரு டின்கள் கழுவிக் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தன.

"பரக்கத் அரிசிப் பானையில இருந்துக்கட்டும், போதும்" என்றார்கள் மாமி.

அடுத்த மாதக் கடைசியில் நோட்டில் சிவப்பு வட்டம் இல்லை. அந்தப் பக்கத்தை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

அதே சந்தோஷத்தில் என் கணவர் அடுத்த விடுமுறைக்கு வரும்போது மகளுக்கென்று தேங்காய்ப்பால் பொடி டின் ஆறு கொண்டுவந்தார். டின்னைத் திருப்பிப் படித்தேன். பொடி எழுத்தில் சோடியம் கேசினேட் என்றிருந்தது. அது பால் புரதம். தேங்காய்ப்பால் பொடி கட்டி விழாமல் கரைவதற்காகச் சேர்ப்பார்கள் என்று விளக்கினேன். மனிதருக்கு முகம் விழுந்துவிட்டது.

"தேங்காலயும் மாட்டைக் கொண்டாந்து கட்டிட்டானுங்களா!"

இப்போது அவர் கடையில் எதை எடுத்தாலும் போட்டோ அனுப்புவார். ஆரம்பத்தில் டின்னின் முன்பக்கத்தை அனுப்பினார். "மொகம் வேணாம் மச்சான், முதுகைக் காட்டுங்க" என்றேன். அன்றிலிருந்து என் போன் முழுக்க டின்களின் முதுகுதான்.

போன கோடை விடுமுறையில் அந்தக் கல்யாணம் வந்தது. என் நாத்தனாரை ராமநாதபுரம் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவருடைய மூத்த மகளுக்குக் கல்யாணம். நாங்கள் பத்து நாள் அங்கே தங்குவதாக ஏற்பாடு. பத்திரிகை வந்த அன்றே மகள் கேட்டுவிட்டாள், "இதுலதானே உம்மா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமி சொன்னார்கள். "புள்ளைய பூவத்துல உங்க உம்மாட்ட விட்டுட்டுப் போயிரலாம். பத்து நாளு. வெளியூரு, கல்யாண வூடு. யாரு கையில என்னா இருக்கும்னு நீ எங்கன்னு பாப்ப?"

"அவளும் வர்றா மாமி. சஹன்லயும் உக்காருவா."

"நெய்யில்லாத கல்யாணச் சோறு ஒலகத்துல உண்டா புள்ள?"

நான் மூட்டை கட்டத் தொடங்கினேன். சின்னச் சட்டி ஒன்று, சிவப்புக் கரண்டி, கேழ்வரகு மாவு, தேங்காய் எண்ணெய், வறுத்த நெத்திலிக் கருவாடு, டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டு, அந்த ஊர் ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று நாத்தனாரிடம் கேட்டு எழுதிய துண்டுக் காகிதம். மாமி அந்தப் பையைத் தூக்கிப் பார்த்து, "பொண்ணுக்குச் சீரு கொண்டு போறாப்புல இருக்கு" என்றார்கள்.

கடற்கரைச் சாலையில் பஸ் ஒரு ஓட்டல் முன்னால் நின்றது. மகள் புரோட்டா கேட்டாள். நான் கல்லுக்குப் பக்கத்தில் போய் மாஸ்டரிடம் கேட்டேன்.

"மாவு பெசையயில பால் ஊத்துவீங்களா?"

"பால் ஊத்தாம புரோட்டா மெதுவா வருமாக்கா? நம்ம கடை புரோட்டா பஞ்சு மாரி இருக்கும்!"

"அப்ப வேணாங்க. இட்லி இருக்கா?"

"இருக்கு. நெய் பொடி போட்டுத் தரவா?"

"ஒண்ணும் போடாம தாங்க. சும்மா இட்லி."

"என்னாக்கா, காசு குடுத்துச் சும்மா இட்லி கேக்குறீங்க!" என்று அவர் சிரித்தார். மகள் என் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அந்தத் தட்டுல முன்னாடி என்னா வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அவர் தட்டை இன்னொரு முறை கழுவினார். இந்தக் கேள்வியை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. டின்னைக் கவிழ்த்த நாளிலிருந்து வீட்டில் எல்லோரும் இதையே பேசிப் பேசி அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம், பந்தலுக்குப் பின்னால் சமையல்காரர்கள் வந்து இறங்கி, செங்கல் அடுக்கி அடுப்புக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. நான் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு போனேன். கையில் ஒரு காகிதம். செய்யவேண்டியது, செய்யக்கூடாதது என்று இரண்டு பக்கமும் எழுதியிருந்தேன்.

தலைமைச் சமையல்காரரை அங்கே எல்லோரும் பண்டாரி என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளைத் தாடி, தோளில் துண்டு.

"என்ன தங்கச்சி, டீயா வேணும்? சொல்லிவிட்டா கொண்டாந்து குடுப்பாங்களே."

"டீ இல்லீங்க பாய். நாளைக்கு எம் புள்ளைக்குத் தனியா கொஞ்சம் சோறு ஆக்கணும். நெய், தயிர் இல்லாம. எல்லாம் எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

"பேப்பரை மடிச்சு வையி. நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்குனதில்ல. வாயால சொல்லு."

சொன்னேன். அவர் முகம் இறுகியது. "என் நெய்ச்சோத்தைத் தின்னுட்டு வயித்தைப் புடிச்சவன் ஒருத்தன் கெடையாது."

"உங்க சோத்துல குத்தமில்லீங்க. அவ வயித்துக்குப் பால் ஆவாது."

"நெய்யில எங்க பாலு?"

காகிதத்தில் அதற்குப் புரதம், மூலக்கூறு என்று என்னென்னவோ எழுதியிருந்தேன். அதை மடித்துக்கொண்டு கேட்டேன். "வெண்ணெய உருக்கையில அடியில கசண்டு நிக்குமுல்ல பாய்?"

"நிக்கும்."

"அது என்னா?"

அவர் யோசித்தார். "பாலுதான். வெண்ணெயில கெடந்த மோரு முறுகி நிக்கிது."

"எவ்வளவு வடிச்சாலும் அதுல துளி நெய்யோட வந்துருது. அந்தத் துளிதான் அவளுக்கு ஆவாது."

ஆயுசு முழுக்க நெய் உருக்கிய மனிதர். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டார். "தேங்காச்சோறு ஆக்குறேன். தேங்கா எண்ணெய்ல தாளிச்சு, தேங்காப்பால் ஊத்தி. அது ஆவுமா?"

"ஆவுங்க. தேங்காவ நீங்களே திருவிப் பிழியணும். பொடி வேணாம்."

"பொடியா! என்னையப் பாத்தா பொடி போடுறவன் மாதிரியா இருக்கு?" இப்போது சிரித்தார். "கறிக்குத் தயிர் ஊத்துறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்து எலுமிச்சம்பழத்துல போட்டு வைக்கிறேன். பருப்புத் தாளிச்சாவும் ஒரு சின்னச் சட்டியில தனியா எறக்கிருவோம். எத்தினி பேருக்கு?"

"ஒரு புள்ளைக்குங்க."

"ஒரு புள்ளைக்கா? ஒரு புள்ளைக்கு ஆக்கிப் பழக்கமே இல்லியே தங்கச்சி. கொறஞ்சது ஒரு சஹன். நாலு பேரு. அதுக்குக் கீழன்னா உப்பு எனக்குப் புடிபடாது."

சிவப்புக் கரண்டியை எடுத்து நீட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னா, புள்ளைக்குப் பாலூட்டுற சங்கு மாதிரி இருக்கு! நீ கொண்டு போ. புதுச் சட்டி, புதுக் கரண்டி, வெந்நீர்ல கழுவி நானே தனியா வைக்கிறேன். யாரும் தொட மாட்டாங்க."

அவர் சொன்ன நாலு பேரில்தான் சிக்கல். நாத்தனாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கல்யாணக் களைப்பில் சுவரில் சாய்ந்துகொண்டார். "மத்த மூணு புள்ளைங்களுக்கு எங்க போறது? யாரு புள்ளைய நெய்யில்லாத சஹன்ல உக்கார வைக்கிறது? மாப்புள வீட்டுக்காரங்க பாத்தா, நெய்க்குக் கஞ்சப்பட்டோம்னு நெனைச்சுக்குவாங்க."

"இல்லீங்க லாத்தா, நான் எடுத்துச் சொல்றேன்."

"எத்தினி பேருகிட்டச் சொல்லுவ? ஒண்ணும் வேணாம். வழக்கம்போல டப்பாவுல குடுத்து ரூமுக்குள்ள உக்கார வச்சிரு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கல்யாண வீட்டுக்காரருக்கு ஆயிரம் கவலை. ஆனால் எனக்கு அந்தச் சுவரோரம்தான் கண்ணுக்குள் நின்றது. இவ்வளவு தூரம் வந்து மறுபடி ஒரு சுவரா? பண்டாரியைப் பேசிச் சம்மதிக்க வைத்தவளுக்கு, மூன்று பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலை, வந்திருந்த அம்மாக்களில் யாரிடம் கேட்கலாம் என்று யோசித்தபடி வெளியே வந்தேன். பந்தலுக்கு முன்னால் கொட்டியிருந்த மணலில் பெண் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் என் மகள். பட்டுப்பாவாடை முழுக்க மணல்.

"எனக்குத் தனி சஹன் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "அதுல நெய் கெடையாது. பண்டாரி அப்பா அவங்க கையாலயே ஆக்குறாங்க."

"எங்களுக்குக் குடுப்பியா?"

"மூணு பேருக்குத்தான் எடம் இருக்கு."

"பெரியவங்க வருவாங்களா?"

"வர மாட்டாங்க. எங்களுக்குப் புதுச் சட்டி, புதுக் கரண்டி. அத யாரும் தொடக்கூடாது."

நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அரை மணி நேரத்தில் அந்த மூன்று இடத்துக்கு ஏழு பேர் சண்டை. ஒருத்தி அழுதுகொண்டு தன் அம்மாவிடம் ஓடினாள், நெய்யில்லாத சஹனில் தன்னைச் சேர்க்கவில்லை என்று. இன்னொரு அம்மா, மாப்பிள்ளை வீட்டுக்காரர், என் நாத்தனாரைத் தேடி வந்து, "எங்க புள்ளைய அந்த விசேஷ சஹன்ல உக்கார வைங்க, இல்லன்னா சாப்பிடவே மாட்டேங்குறா" என்றார். நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓம் பொண்ணு என்னாத்தச் சொல்லி வச்சிருக்கா?" என்றார். கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியாத முகம்.

மதியம் பெண்கள் பக்கம் பாய் விரித்தார்கள். சஹன்கள் கைமாறிக் கைமாறி வந்தன. பிள்ளைகளின் பாயில் என் மகளும் மூன்று பெண்களும் முழங்காலை மடக்கி, கை கழுவி, தட்டு வராத வெறும் பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாக ஒரு சஹன் வாழையிலை மூடி வந்தது. பண்டாரி அதை யார் கையிலும் கொடுக்காமல், பெண்கள் பக்கத் திரை வரைக்கும் தானே தூக்கி வந்திருக்கிறார். திரையருகே நான் போய் வாங்கினேன். வெள்ளைச் சோறு, தேங்காய் வாசனை, மேலே கறி. பிள்ளைகள் நடுவில் இறக்கிவிட்டு என் இடத்துக்கு வந்தேன். மாமியும் நானும் இன்னும் இரண்டு பேரும் ஒரு சஹன். எனக்கு இரண்டு கண்ணும் பிள்ளைகள் பாயில்தான்.

நாலு பேரும் பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள். அப்போதுதான் பரிமாறுகிற அம்மா ஒருத்தர் தாளிச்சா வாளியோடு வரிசையாக ஊற்றிக்கொண்டு வருவதைப் பார்த்தேன். சஹனில் ஊற்றும்போதெல்லாம் கரண்டி நெய்ச்சோற்றில் உரசுகிறது. அடுத்தது என் மகளின் சஹன். நான் எழுந்திருக்கப் போனேன். என் முழங்காலின் மேல் ஒரு கை அழுத்தியது. மாமி.

"சும்மா உக்காரு. அவ பாத்துக்குவா."

கரண்டி சாய்வதற்குள் என் மகள் இரண்டு கையையும் சஹனுக்கு மேல் விரித்துவிட்டாள்.

"கைய எடு புள்ள, தாளிச்சா ஊத்தணும்."

"இது வேணாங்க. இந்தக் கரண்டி நெய்ச்சோத்துல பட்டுச்சு."

"எங்க பட்டுச்சு?"

"அந்தச் சஹன்ல ஊத்தயில பட்டுச்சு. நான் பாத்தேன். எங்க தாளிச்சா பண்டாரி அப்பாட்ட தனியா இருக்கு. வேற கரண்டியில கொண்டாங்க."

மற்ற மூன்று பேரும் கையை விரித்துக்கொண்டார்கள். ஒரு சஹன், எட்டுக் கை.

"அல்லாவே!" என்றார் அந்த அம்மா. "யாரு பெத்த புள்ள இது?"

"எங்க உம்மா பெத்தது. அந்தா இருக்காங்க" என்று சோறு ஒட்டிய கையால் என்னைக் காட்டினாள்.

அந்தப் பந்தியில் இருந்த எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கல்லூரியில் பட்டம் வாங்க மேடை ஏறியபோதுகூட இவ்வளவு பேர் என்னைப் பார்க்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

தாளிச்சா தனிக் கிண்ணத்தில், தனிக் கரண்டியோடு வந்தது. நாலு பேரும் சாப்பிட்டார்கள், கறிக்குச் சண்டை போட்டார்கள், எலும்பை மாற்றிக்கொண்டார்கள். கடைசியில் சஹனை விரலால் வழித்து நக்கினார்கள். ஒரு பருக்கை மிச்சமில்லை. மாமி அதைப் பார்த்து என் காதருகே சொன்னார்கள், "சஹன்ல மட்டும் மிச்சம் வைக்கக் கூடாது. டின்னு வேற, சஹன் வேற."

அதன் பிறகுதான் என் சஹனைப் பார்த்தேன். நெய்ச்சோறு ஆறிக் கட்டியாகியிருந்தது. இத்தனை வருஷம் அவள் எதிரில் தொடாத நெய்ச்சோற்றை அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். சின்ன மண் கிண்ணத்தில் பிர்னி வந்தது. பாலில் அரிசிக் குருணையைக் காய்ச்சிச் செய்கிற இனிப்பு. அதையும் சாப்பிட்டேன். பிள்ளைகளின் பாயில் என் மகள் அதற்குப் பதிலாக வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவி வந்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு என் வாயை மோந்து பார்த்தாள்.

"பிர்னி சாப்ட்டியா உம்மா?"

"சாப்ட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு புள்ள."

கழுத்தை விட்டு என் முன்னால் வந்து நின்றாள். "எனக்குத் தேங்காப்பால்ல செஞ்சு குடு. நாலு பேருக்குச் செய்யி. அவங்ககிட்ட நான் சொல்லிட்டேன்."

மறுநாள் நாத்தனார் வீட்டு அடுப்படியில் இரண்டு தேங்காய் திருவி, நானே பிழிந்தேன்.